தன்னைத் தானே திருத்தும் யந்திரம்

யந்திரம் பழுதானால் மனிதன் வந்து திருத்துவான் என்பதே நெடுநாளைய உலக வழக்கு. இப்பொழுதோ யந்திரமே தன் நோயைக் கண்டு தானே மருந்திட்டுக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. 2001-ம் வருஷத்தில் ஐ.பி.எம். ஸ்தாபனம் இக்கொள்கையை உலகிற்கு அறிவித்தது. நாம் நினையாமலே நமது இருதயம் துடிப்பதையும் உடல் தன் உஷ்ணத்தைக் காத்துக்கொள்வதையும் ஒத்ததோர் ஏற்பாடு அது.

முறை யாதெனில், மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கையிலேயே ஒரு காவற்பகுதி அதனை ஓயாது நோக்குகிறது, விடை தாமதப்பட்டாலோ பிழை பெருகினாலோ காரணத்தை ஆராய்கிறது, பரிகாரம் வகுக்கிறது, உடனே நிறைவேற்றுகிறது. ஓய்ந்த பகுதியை மறுபடி துவக்கும். வேலை மிகுந்தால் துணைக் கணினிகளைச் சேர்க்கும். கூகிள் ஸ்தாபனம் 2014-ல் வெளியிட்ட குபர்நெட்டீஸ் இத்தகையதே. நள்ளிரவில் ஒரு பகுதி மடிந்து மற்றொன்று அதன் ஸ்தானத்தில் எழுவதை, பணம் அனுப்பும் வியாபாரி அறிவதேயில்லை.

இதன் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் வைத்தியன் நோயைத் தவறாகக் கணித்தால் என் செய்வது? 2021 அக்டோபர் 4-ந் தேதி பேஸ்புக்கிற்கு நேர்ந்ததை நோக்குக. பராமரிப்பின்போது இட்ட ஓர் ஆணை அதன் கணினி நிலையங்களை இணைக்கும் பாதைகள் யாவற்றையும் துண்டித்தது. அத்தகைய ஆணைகளைத் தடுக்கவேண்டிய சோதனைக் கருவி, தன்னிடமிருந்த பிழையால் தடுக்கத் தவறியது. பெயருக்கு முகவரி சொல்லும் கணினிகள், நிலையங்களை எட்ட முடியாமையைத் தங்கள் பழுதென்று கொண்டு, விதிப்படி இணைய உலகினின்று தம்மை விலக்கிக்கொண்டன. ஒன்றிரண்டு விலகுவது நலம். எல்லாம் ஒருங்கே விலகியது நாசமாயிற்று. வாட்ஸ்அப் உட்பட யாவும் சுமார் 6 மணி நேரம் முடங்கின. பொறியாளர் நிலையங்களுக்கு நேரிற் சென்றே மீட்க நேர்ந்தது. பலத்த காவலுள்ள அக்கட்டிடங்கள் அவர்களுக்கும் எளிதில் வழிவிடவில்லை.

அதிகாரம் பெற்றவன் எவனும் எல்லைக்கு உட்பட்டவன், கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன் என்பது நியாய சாஸ்திரத்தின் பாலபாடம். யந்திரத்திற்கு மட்டும் விலக்கு ஏன்? ஒரே சமயத்தில் எத்தனை பகுதிகளை அது விலக்கலாம் என்பதற்கு வரம்பு வேண்டும். அது செய்யும் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும். அதனை நிறுத்தி, பணியைத் தன் கையில் ஏற்கும் வழி மனிதனுக்கு எப்பொழுதும் திறந்திருக்க வேண்டும். அவ்வழி பழுதுற்ற யந்திரத்தின் ஊடே செல்வதாக இருத்தலாகாது.

இன்று ஜனங்களின் பணமும், ஆஸ்பத்திரிக் குறிப்பும், ரயில் டிக்கட்டும் கணினிகளின் வழியே செல்கின்றன. அவற்றை நடத்துவோர் "தானே சரியாகிவிடும்" என்று கூறினால் நாம் திருப்தியடையலாகாது. சரியாகாதபோது பொறுப்பேற்பவர் யார் என்று கேட்பது பொதுமக்களின் உரிமை மாத்திரமன்று, கடமையுமாகும்.