காட்டிக்கொடுப்பதா, கடமையா?

ஓர் அரசாங்க மருத்துவமனையைக் கற்பனை செய்து பாருங்கள். நோயாளிகள் அமர்வதற்காக 100 நாற்காலிகள் வாங்கப்பட்டதாக ஆவணம் கூறுகிறது. ஆனால், வந்து சேர்ந்தவையோ 60 மட்டுமே. அனைத்தும் கிடைத்துவிட்டதாக மேலதிகாரி கையொப்பமிடுகிறார். பொருள்களை எண்ணிச் சரிபார்த்த இளம் எழுத்தருக்கு உண்மை தெரியும். அவர் என்ன செய்வார்?

இத்தகைய சூழலில் பலர் வாய் திறப்பதில்லை. அவர்கள் அனைவரும் நேர்மையற்றவர்கள் என்று கூறிவிட முடியாது. வேலைக்கு ஆபத்து வருமோ, வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களோ என்ற அச்சம் ஒரு காரணம். ‘நான் சொல்லி என்ன ஆகப்போகிறது?’ என்ற நம்பிக்கையின்மை இரண்டாவது காரணம். உடன் பணியாற்றுபவரைக் காட்டிக்கொடுக்கலாமா என்ற தயக்கம் மூன்றாவது காரணம்.

முதலில், அச்சத்தைப் போக்கச் சட்டம் துணைநிற்கிறது. மலேசியாவில் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் 2010-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின்படி, தகவல் அளித்தவரின் அடையாளம் இரகசியமாகக் காக்கப்படும். தகவல் அளித்ததற்காக அவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது. அவரைப் பணிநீக்கம் செய்வது, மிரட்டுவது போன்ற பழிவாங்கும் செயல்களுக்கும் தடை உண்டு. அவருடைய உறவினர்களைப் பழிவாங்குவதற்கும் இத்தடை பொருந்தும்.

ஆயினும், இப்பாதுகாப்பைப் பெற ஒரு நிபந்தனை உண்டு. மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம், காவல் துறை போன்ற அமலாக்க அமைப்புகளிடமே தகவலை அளிக்க வேண்டும். நாளிதழிலோ சமூக ஊடகத்திலோ வெளியிடுபவருக்கு இச்சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது. பொய்யென்று தெரிந்தே புகார் அளிப்பவரும் அதனை இழப்பார்.

இரண்டாவதாக, நம்பிக்கையின்மையைச் சட்டத்தால் மட்டும் போக்கிவிட முடியாது. யாரிடம் புகார் அளிப்பது என்பதை ஒவ்வோர் ஊழியரும் அறிந்திருக்க வேண்டும். புகாரை முறையாக விசாரித்து, அதன் முடிவைப் புகார் அளித்தவருக்குத் தெரிவிக்க வேண்டும். தவறு செய்தவர் உயர் பதவியில் இருந்தாலும் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒரு புகார் கிடப்பில் போடப்பட்டால், அடுத்துப் பேச நினைப்பவரும் மௌனமாகிவிடுவார். மாறாக, ஒரு புகாருக்குத் தீர்வு கிடைத்தால் பலருக்குத் துணிவு பிறக்கும்.

மூன்றாவதாக, தயக்கத்தைப் போக்க நம் எண்ணம் மாற வேண்டும். தீய நோக்கத்தோடு நண்பரைச் சிக்கவைப்பது காட்டிக்கொடுத்தல். பொதுமக்களின் பணம் களவு போவதைத் தடுப்பது கடமை. வந்து சேராத அந்த 40 நாற்காலிகளுக்கும் மக்கள் செலுத்திய வரிப்பணமே செலவாகியுள்ளது. இருக்கை இல்லாமல் நிற்கப்போகிறவர்கள் முதியவர்களும் நோயாளிகளுமே.

அந்த இளம் எழுத்தரிடம் துணிவை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமன்று. அவர் பேசினால் கேட்பதற்கும் காப்பதற்கும் நாம் இருக்கிறோம் என்ற உறுதியை அவருக்கு அளிக்க வேண்டும். அந்த உறுதி இருக்கும் இடத்தில் உண்மை ஊமையாகாது.