பிள்ளைகளுக்கு வீட்டில் சரித்திரம் சொல்ல எந்தப் புத்தகம் வாங்குவது?

மும்பையில் நாலாம் வகுப்புப் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளையிடம், சிவாஜி மகாராஜா எங்கே பிறந்தார் என்று கேட்டுப் பாருங்கள். "சிவனேரி" என்று பட்டென்று பதில் வரும். பிரதாப்கட், ராய்கட் என்று கோட்டைகளை வரிசையாக ஒப்பிக்கும். பல்லாண்டுகளாக இந்த மாநிலத்தில் நாலாம் வகுப்புச் சரித்திரப் பாடமே சிவாஜியின் வரலாறுதான்.

அதே பிள்ளையிடம் ராஜராஜ சோழன் யார் என்று கேட்டால், "அது சினிமா தானே?" என்கிறது.

இதில் பிள்ளையின் குற்றம் ஒன்றும் இல்லை. மராத்தி, இந்தி, ஆங்கில வழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் நாக்கில் இருக்கிறது, எழுத்தில் இல்லை. வசதி உள்ள சிலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிக்க வைத்து, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பரீட்சை எழுத வைக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. நமக்கு இருப்பது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அரை மணி நேரம்.

தாராவியில் தோல் பை தைக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, நானே ஆறாங்கிளாஸ். நான் என்னத்தைச் சரித்திரம் சொல்லிக் கொடுக்க?" அந்த அரை மணி நேரத்துக்குச் சரியான புத்தகம் கையில் இருந்தால் ஆறாங்கிளாஸ் தாராளமாகப் போதும். எந்தப் புத்தகம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

படக்கதையும் நேருவின் கடிதமும்

நம்மவர்கள் முதலில் வாங்குவது அமர் சித்ர கதா. மும்பையிலேயே பிறந்த வரிசை அது. அனந்த் பை 1967-ல் தொடங்கினார். டெல்லியில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கிரேக்கக் கதைக் கேள்விகளுக்கு விடை சொன்ன பிள்ளைகள் ராமனின் தாயார் பெயர் தெரியாமல் விழித்ததைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த எண்ணம் வந்ததாம். பிள்ளை பசியோடு படிக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் அதில் வீரர்கள் எல்லாம் சிவப்பு நிறம், கெட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பு. நம் பிள்ளை கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிற பிள்ளை. பக்கத்தில் உட்கார்ந்து, "படம் போட்டவர் அப்படிப் போட்டுவிட்டார், ராஜா அப்படி இருந்தார் என்று யாருக்கும் தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது நேரு தம் மகளுக்கு எழுதிய கடிதங்கள். 1928 கோடையில் பத்து வயது இந்திரா முசௌரியில் இருந்தார். அலகாபாத்தில் இருந்த தந்தை 30 கடிதங்கள் எழுதினார். 1929-ல் அவை புத்தகமாயின. ராஜா ராணியில் தொடங்காமல் கல், மண், விலங்கு, மனிதன் என்று தொடங்குவது இதன் சிறப்பு. வேலைக்காக ஊர்விட்டு ஊர் வந்த தகப்பன் வாசித்துக் காட்ட இதைவிடப் பொருத்தமான புத்தகம் எனக்குத் தெரியவில்லை. பின்னாளில் சிறையிலிருந்து அவர் எழுதிய உலக சரித்திரம் பெரிய பிள்ளைகளுக்கு; 196 கடிதங்கள், அவசரப்பட வேண்டாம்.

தமிழில் என்ன இருக்கிறது? காந்தியடிகளின் வாழ்க்கையைக் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பாட்டாகவே பாடியிருக்கிறார். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் காதால் ஏறும். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாக வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் இன்று தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டு அரசின் பாடப் புத்தகங்களையும் கைப்பேசியிலேயே இறக்கிக் கொள்ளலாம்.

கதை எது, கல்வெட்டு எது?

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அது நாவல். நந்தினி கல்கியின் கற்பனை. ஆனால் ஆதித்த கரிகாலன் கொலையுண்டது உண்மை. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கல்வெட்டு, அந்தக் கொலையில் சம்பந்தப்பட்ட துரோகிகளின் பெயர்களைச் சொல்கிறது. வந்தியத்தேவனும் உண்மையில் வாழ்ந்தவர். தஞ்சைக் கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வருகிறார். இதைப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். "அப்போ மீதியெல்லாம் பொய்யா?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் சரித்திரப் பாடம் ஆரம்பமாகிவிட்டது. கட்டபொம்மனுக்கும் இதே கதைதான். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டது சரித்திரம். 1959-ல் வந்த படத்தின் வசனம், வசனம்தான்.

புத்தகம் அச்சான வருடத்தை அவசியம் பாருங்கள். கீழடியில் அகழாய்வு தொடங்கியது 2014-15-ல். அதற்கு முன் அச்சான புத்தகத்தில் கீழடி இருக்காது. பழைய புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டாம், "இதற்குப் பிறகு என்ன கண்டுபிடித்தார்கள் தெரியுமா?" என்று அப்பா சேர்த்துச் சொல்லலாம்.

இன்னொன்று. வடக்கே எழுதிய பல புத்தகங்களில் விடுதலைப் போர் 1857-ல்தான் பிறக்கிறது. 1806 ஜூலை 10-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது ஒரு வரிகூட இராது. நம்மூர்ப் புத்தகங்கள் சிலவற்றிலோ தமிழ்நாட்டுக்கு வெளியே நாடே கிடையாது! இரண்டும் ஒரே கோளாறுதான்.

செஞ்சி ஒரு பாலம்

சிவாஜியைப் படித்து வரும் பிள்ளைக்கு ராஜராஜனைப் போட்டியாக நிறுத்தும் பெற்றோர் சிலர் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. பிள்ளை நாளைக்கும் இதே சாலில், இதே பக்கத்துக் கோலிப் பையனோடு விளையாடப் போகிறது. அவன் சரித்திரமும் நம் சரித்திரமும் கை கோத்து நிற்கும் இடத்தைக் காட்டலாமே! 1677-ல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர் சிவாஜி. அவருடைய மகன் ராஜாராம் மொகலாயப் படைக்குத் தப்பி வந்து செஞ்சியில் இருந்துதான் ஆண்டார்; எட்டு வருட முற்றுகைக்குப் பின் 1698-ல்தான் கோட்டை விழுந்தது. சிவாஜியின் தம்பி முறையான ஏகோஜியின் வம்சம் 1855 வரை தஞ்சையில் இருந்தது. அந்த வம்சத்துச் சரபோஜி, பெரிய கோயில் சுவரில் 1803-ல் தம் குல வரலாற்றை மராத்தியில் வெட்டி வைத்தார். ராஜராஜன் கட்டிய கோயிலில் மராத்திக் கல்வெட்டு!

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் 12 கோட்டைகளை உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 11 கோட்டைகள் இந்த மாநிலத்தில், பன்னிரண்டாவது செஞ்சி. நாலாம் வகுப்புப் பிள்ளை இதை வகுப்பில் எழுந்து சொன்னால் டீச்சரே திரும்பிப் பார்ப்பார்.

வாங்கும் முன் கடையிலேயே மூன்று பக்கம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு இடறினால் பிள்ளைக்கும் இடறும். ராஜாக்களைத் தவிர உழுதவன், நெய்தவள், கல் சுமந்தவன் யாராவது வருகிறார்களா என்று தேடுங்கள். ஒரு சாதியோ மதமோ பக்கத்துக்குப் பக்கம் வில்லனாகவே வந்தால், வழுவழு தாளாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். ஜாலியன்வாலாபாக், பிரிவினைக் கொடுமை இவற்றைப் பத்து வயதுக்கு முன் படத்தோடு காட்ட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். மறைக்கவும் வேண்டாம்.

திருநெல்வேலியிலிருந்து தாராவித் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களைப் பற்றியோ, 1960-களில் மதராசி என்று அடிபட்டவர்களைப் பற்றியோ சிறுவர் புத்தகம் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அதைத் தாத்தா, பாட்டி வாயால் சொல்ல வைத்து நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள். கசப்பு ஏற்றாமல், நடந்ததை நடந்தபடி. வ.உ.சி. தூத்துக்குடிக் கம்பெனிக்காகக் கப்பல் தேடி வந்த ஊரும் இந்தப் பம்பாய்தான் என்பதையும் அதில் சேர்க்கலாம்.

ரயில்வேக்காரன் என்பதால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1853 ஏப்ரல் 16-ல் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு 34 கிலோ மீட்டர் ஓடியது இந்தியாவின் முதல் பயணிகள் ரயில். நீங்கள் தினமும் தொங்கிக்கொண்டு போகும் அதே பாதை! தென்னாட்டில் ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பியது 1856-ல். இதற்குப் புத்தகமே வேண்டாம், ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கி நடந்தால், காந்தியடிகள் 1917 முதல் 1934 வரை மும்பையில் தங்கி வந்த மணி பவன் இருக்கிறது. அவர் வாழ்க்கையைச் சிறு சிறு பொம்மைக் காட்சிகளாக வைத்திருக்கிறார்கள். கீழே நூலகமும் உண்டு. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் 1942 ஆகஸ்ட் 8-ல் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறிய கொவாலியா டேங்க் மைதானம். வள்ளியப்பாவின் காந்தி பாட்டை முதல் நாள் ராத்திரி வாசித்துவிட்டுப் போனால், பொம்மைகளைப் பார்த்ததும் பிள்ளையே உங்களுக்குக் கதை சொல்லும்.