மூளைக் காந்தத் தூண்டலின் அளவைகளும் தசைத் துலங்கலும்

மண்டையோட்டைத் திறவாமல் மனித மூளையின் இயக்கப் புறணியை மின்சாரத்தால் தூண்ட இயலும் என்பதை 1980இல் மெர்ட்டன், மோர்ட்டன் ஆகிய இருவரும் காட்டினர். அம்முறை வலி மிகுந்தது. 1985இல் ஷெஃபீல்டு நகரில் ஆந்தனி பார்க்கர் குழுவினர் காந்தப்புலத்தைக் கொண்டு அதனை வலியின்றிச் செய்தனர். தலைமேல் வைக்கப்பெறும் சுருளில் நொடிப்பொழுதினும் மிகக் குறுகிய நேரம் வலிய மின்னோட்டம் பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலம் எலும்பைத் தடையின்றிக் கடந்து புறணியில் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கிறது. கைக்குரிய பகுதி தூண்டப்பெறின், ஏறத்தாழ 20 மில்லிநொடியில் எதிர்ப்பக்கக் கைத்தசை துடிக்கும். தோல்மேல் ஒட்டிய மின்வாய்கள் அத்துடிப்பைப் பதிவு செய்கின்றன. இதனை ‘விளைவு’ என்பதினும் ‘துலங்கல்’ என்பதே பொருந்தும். தூண்டப்படுவோரின் நிலையையும் அச்சொல் உள்ளடக்குகிறது. இத்துறையின் இன்றைய சிக்கலும் அதுவே.

அளவைகளுள் முதலாவது செறிவு. தளர்ந்த தசையில், 10 தூண்டல்களில் 5 முறையேனும் 50 மைக்ரோவோல்ட்டுக்குக் குறையாத துலங்கலை எழுப்பும் மிகக் குறைந்த செறிவு ‘தொடக்கச் செறிவு’ எனக் கொள்ளப்படுகிறது. இது ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், பிற செறிவுகள் இதன் விழுக்காடாகவே குறிக்கப்பெறுகின்றன. தசையைச் சற்றே இறுக்கினாலும் தொடக்கச் செறிவு தாழும், துலங்கல் பெருகும், விரைந்தும் தோன்றும்.

செறிவினும் நுட்பமானது திசை. 8 என்னும் எண் வடிவிலான சுருளை நடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்த்து, மூளையில் மின்னோட்டம் பின்னிருந்து முன்னோக்கிப் பாயுமாறு வைத்தால் குறைந்த செறிவே போதும். திசையை முன்பின்னாகத் திருப்பினால் செறிவைக் கூட்டவேண்டியிருப்பதோடு, துலங்கலும் சில மில்லிநொடி தாழ்த்தே வருகிறது. சுருளோ புறணியோ மாறவில்லை. தூண்டப்பெறும் இடைநரம்பணுக்களின் வலை மாறுகிறது. தண்டுவடத்துக்கு இறங்கும் கூம்பு நரம்பணுக்களைக் காந்தத்துடிப்பு பெரும்பாலும் நேரே எழுப்புவதில்லை. இவ்விடையணுக்களின் வழியாகவே எழுப்புகிறது.

இரட்டைத் துடிப்புகளில் இடைவெளியும் ஓர் அளவை. தொடக்கச் செறிவுக்குக் குறைந்த முன்துடிப்பு 1 முதல் 5 மில்லிநொடி முந்தினால் பின்துடிப்பின் துலங்கல் சுருங்கும். 10 முதல் 15 மில்லிநொடி முந்தினால் பெருகும் என 1993இல் குஜிராய் குழுவினர் கண்டனர்.

தொடர்தூண்டலில்தான் கருத்துவேறுபாடு முற்றுகிறது. நொடிக்கு 1 துடிப்பு புறணியின் கிளர்ச்சியைத் தாழ்த்தும். 5க்கு மேற்பட்டவை உயர்த்தும் என்பது நெடுநாள் வழங்கிய விதி. 2005இல் ஹுவாங் குழுவினர் மும்மூன்று துடிப்புகளை 200 மில்லிநொடிக்கு ஒருமுறை செலுத்தினர். 600 துடிப்புகளை 40 நொடி இடைவிடாது செலுத்தத் துலங்கல் குன்றியது. அதே 600ஐ இரு நொடி தூண்டி எட்டு நொடி நிறுத்தி, 190 நொடிக்கு நீட்டத் துலங்கல் ஓங்கியது. எண்ணிக்கையும் செறிவும் ஒன்றே.

இவ்வழகிய முடிவு அப்படியே நிலைக்கவில்லை. முன்னதாகத் தசை முற்றிலும் ஓய்ந்திருந்தவர்களிடம் 20 நொடி இடைவிடாத் தூண்டல் துலங்கலைக் குறைக்காமல் உயர்த்தியதை 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. தூண்டும் நேரத்தை இரட்டித்தால் விளைவு தலைகீழாவதை 2010இல் மற்றோர் ஆய்வு காட்டியது. 2013இல் ஹமாதா குழுவினர் 50க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தபோது சராசரியில் எவ்விளைவும் தென்படவில்லை. ஆயினும், முன்பின் திசைத் தூண்டலுக்குத் துலங்கல் மிகத் தாழ்த்து வந்தவர்களிடம் எதிர்பார்த்த விளைவே தோன்றியது. திசை பற்றிய முன்னைய செய்தி இங்கு விளக்கமாகிறது: ஒருவரிடம் எந்த இடையணு வலை எளிதில் எழுகிறதோ அதைப் பொறுத்தே தொடர்தூண்டலும் பயன்தருகிறது.

பக்கவாத நோயாளரின் கை மீட்புக்கு இது நேரே தொடர்புடையது. நலமான அரைக்கோளம் ஊறுபட்டதை அளவுமீறி அடக்குகிறது என்ற கருதுகோளின்படி, நலமான பக்கத்தை நொடிக்கு 1 துடிப்பால் தணித்துப் பயிற்சியளிக்கும் பெரிய ஆய்வொன்றின் முடிவு 2018இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்தது. போலித் தூண்டல் பெற்றோரும் ஏறக்குறைய அதே அளவு முன்னேறினர். கருதுகோள் எல்லா நோயாளர்க்கும் பொருந்தாமையோ, ஒரே அளவை எல்லார்க்கும் வழங்கப்பெற்றமையோ காரணமாகலாம். சராசரி மட்டும் அதனைப் பிரித்துக் காட்டாது. சுருளின் திசை, தூண்டலுக்கு முன் தசை இருந்த நிலை, ஒவ்வொருவரின் துலங்கல் நேரம் ஆகியவற்றையும் தனித்தனியே பதிந்திருந்தால்தான் அவ்வினாவைப் பின்வருவோர் மீண்டும் எடுத்து ஆராய இயலும்.