புதிய பதிப்பு வந்த செய்தி யாருக்குப் போகிறது?

சந்தேகங்களும் விளக்கங்களும்

மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தால் தானாகவே தெரிவிக்கும்படி ஒழுங்கு செய்யச் சொல்கிறார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும்?

2023 ஓகஸ்டில் நமது இலங்கை அரசாங்க மின்னஞ்சலுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். கப்பம் கேட்கும் நச்சுநிரல் புகுந்ததில், ஏறத்தாழ 5,000 அரச முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மடல்கள் அழிந்தன. மீட்டெடுக்கப் பிரதியும் இருக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்டின் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை அந்நிறுவனம் அதே ஆண்டு ஏப்ரல் 11 உடன் நிறுத்தியிருந்தது. நிதிப் பற்றாக்குறையால் தரமுயர்த்தல் தள்ளிப்போனதாகப் பொறுப்பான முகவர் நிலையமே சொன்னது. ஆகவே, அறிவிப்பு கணினிப் பொறுப்பாளரோடு நின்றுவிடக் கூடாது. காசு ஒதுக்குகிறவரின் கைக்கும் அது போய்ச்சேர வேண்டும்.

இன்னொன்று. திருத்தம் வெளிவந்தால் ஓட்டை எங்கே இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடும். 2017 மார்ச் 14இல் மைக்ரோசொப்ட் விண்டோஸுக்கு ஒரு திருத்தம் தந்தது. மே 12இல் உலகையே உலுக்கிய வன்னாகிரை என்ற நச்சுநிரல், அதைப் போடாத கணினிகளுக்குள்தான் புகுந்தது.

எங்கள் கைத்தறிக் கடைக்கு வேர்ட்பிரஸில் இணையத்தளம் செய்துதந்த தம்பி கத்தாருக்குப் போய்விட்டார். எங்களுக்கு ஓர் அறிவிப்பும் வருவதில்லையே?

வருகிறது, பெரும்பாலும் அவருக்கு. தளத்தைத் தொடங்கியபோது கொடுத்த நிர்வாகி முகவரிக்குத்தான் வேர்ட்பிரஸ் மடல் அனுப்பும். தம்பியிடம் கடவுச்சொல்லை வாங்கி உள்ளே போய், 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஜெனரல்' பக்கத்தைத் திறந்து, கடையின் பொது முகவரியைப் போடுங்கள். அந்த முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தல் மடல் வரும். அதிலுள்ள இணைப்பை அழுத்தும்வரை பழைய முகவரியே நிலைக்கும். பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். 'பிளகின்ஸ்' பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கும் வசதி 2020இல் வந்தது. அதையும் இயக்கிவிடுங்கள்.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறேன். கிட்ஹப்பில் உள்ள மென்பொருள்களைப் பாவிக்கிறேன். ஒவ்வொன்றையும் தினமும் போய்ப் பார்க்க முடியுமா?

வேண்டியதில்லை. அந்தந்த மென்பொருளின் பக்கத்தில் 'வொட்ச்' பொத்தானை அழுத்தி, 'கஸ்டம்' என்பதற்குள் 'ரிலீசஸ்' என்பதை மட்டும் தெரிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் தெரிவு செய்தால் ஒவ்வொரு உரையாடலும் மடலாக வந்து குவியும். ஒரு வாரத்தில் எதையும் படிக்காமல் அழிக்கத் தொடங்கிவிடுவீர்கள். வந்த பதிப்பை மாற்றக் குறிப்புகளைப் படித்துப் பரீட்சித்த பிறகே, பிறர் பாவிக்கும் தளத்தில் ஏற்றுங்கள்.

'வட்ஸ்அப் புதிய பதிப்பு, உடனே அழுத்துங்கள்' என்று குழுமங்களில் இணைப்பு வருகிறதே?

அழுத்தவே வேண்டாம். அனுப்பியவர் உங்கள் சாச்சாவாக இருந்தாலும், அது அவருக்கும் யாரோ அனுப்பியதுதான். 2016இலேயே 'வட்ஸ்அப் கோல்ட்' என்ற பெயரில் இந்த ஏமாற்று உலகம் சுற்றியது. பிளே ஸ்டோரைத் திறந்து, மேல் மூலையிலுள்ள உங்கள் படத்தை அழுத்தி, செயலிகளை நிர்வகிக்கும் பகுதியைப் பாருங்கள். உண்மையிலேயே உங்கள் தொலைபேசிக்குப் புதிய பதிப்பு வந்திருந்தால் அங்கே இருக்கும்.