கண்ணாடியில் ரசம் போவது ஏன்?

வீட்டுப் படங்களும் கண்ணாடியும் கெடாமல் இருக்க எளிய வழிகள்

"ரசம் போன கண்ணாடி" என்று சொல்கிறோம். அது என்ன ரசம்? பாதரசம்!

முற்காலத்தில் வெள்ளீயத் தகட்டில் பாதரசத்தைத் தடவி, கண்ணாடியின் பின்புறம் ஒட்டினார்கள். பாதரச ஆவி நஞ்சு. அந்த வேலை செய்தவர்கள் நோயில் விழுந்தார்கள்.

1835-ல் ஜெர்மனி விஞ்ஞானி லீபிக், கண்ணாடியில் வெள்ளியைப் படிய வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். நாளடைவில் பாதரசம் போய், வெள்ளி வந்தது. ஆனால், பேச்சில் 'ரசம்' நிலைத்துவிட்டது!

ஸ்ரீபெரும்புதூர் ஆலை

கார் ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் கண்ணாடி ஆலையும் இருக்கிறது. பிரான்சு நாட்டு செயின்ட் கோபைன் நிறுவனத்தின் அந்த ஆலை 2000-ல் உற்பத்தியைத் தொடங்கியது. நிலைக்கண்ணாடி செய்வதற்கென்றே 1665-ல், பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் பிறந்த நிறுவனம் அது.

மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் முதலியவற்றை உலையில் உருக்குகிறார்கள். அந்தக் குழம்பை, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்க விடுகிறார்கள். தண்ணீரில் எண்ணெய் பரவுவது போல் அது பரவுகிறது. மேடு பள்ளம் இல்லாத கண்ணாடி கிடைக்கிறது. அதன் பின்புறம் வெள்ளி பூசி, அதன் மேல் பெயிண்ட் அடித்தால் முகம் பார்க்கும் கண்ணாடி தயார்!

ஈரமே எதிரி

வெள்ளிப் பூச்சு தலைமயிரைவிடப் பல நூறு மடங்கு மெல்லியது. ஓரத்தில் ஈரம் புகுந்தால் கறுத்துவிடும். அதுதான் 'ரசம் போவது'.

ஆகவே, கண்ணாடி மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பிறகு உலர்ந்த துணியால் ஓரங்களைத் துடையுங்கள். சாமி படத்துக்குச் சந்தனம் வைத்தால், அது வழிந்து சட்டத்துக்குள் இறங்காமல் பாருங்கள்.

மழையில் ஊறும் சுவரில் எதையும் மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்னால், கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டுங்கள். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும். கரையான் ஏறினாலும் கண்ணில் படும்.

பெரிய படத்துக்கு ஓர் ஆணி போதாது, இரண்டு வேண்டும். வருடம் ஒருமுறை ஆணியையும் கம்பியையும் சோதியுங்கள். தொட்டிலுக்கும் கட்டிலுக்கும் மேலே கனமான கண்ணாடி வேண்டவே வேண்டாம்!

தாத்தாவின் படம்

போட்டோவுக்கும் ஈரமே எதிரி. படம் கண்ணாடியைத் தொட்டபடி இருந்தால், ஈரத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சட்டம் போடும்போதே, நடுவில் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். வெயில் படும் இடத்தில் மாட்டினால் படம் வெளுத்துவிடும்.

ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதா? பிய்க்காதீர்கள்! முகமே கிழிந்து வந்துவிடும். கண்ணாடியோடு ஸ்டூடியோவுக்கு எடுத்துச் சென்று, முதலில் நகல் எடுங்கள்.

கண்ணாடி உடைந்தால் கடையில் வேறு வாங்கலாம். தாத்தாவின் ஒரே படம் போய்விட்டால், எந்தக் கடையில் கிடைக்கும்?