நுங்கம்பாக்கத்தின் இரண்டாம் வரிசை

சென்னை ஓப்பன் ஊரை விட்டுப் போனபோது நகரத்தின் டென்னிஸ் கதை முடிந்ததென்று பலர் எழுதினார்கள். அதன் பின் வந்த சலஞ்சர் சுற்றுப்போட்டி அந்தக் கதையை வேறு விதமாகத் தொடர்ந்தது.

2024 பெப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் ஹரியானாவைச் சேர்ந்த சுமித் நாகல் இத்தாலியின் லூக்கா நார்தியை 6-1, 6-4 என்று வென்றார். கோப்பையோடு அவருக்குக் கிடைத்தவை 100 தரவரிசைப் புள்ளிகள். வாரத் தொடக்கத்தில் உலகின் 121ஆம் இடத்தில் இருந்தவர், மறுநாள் வெளிவந்த பட்டியலில் 98ஆம் இடத்துக்கு ஏறியிருந்தார். முதல் நூறு பேருக்குள் அவர் நுழைந்தது அதுவே முதற்தடவை.

அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர்தான், வங்கிக் கணக்கில் மிஞ்சியிருப்பது 900 யூரோ அளவு பணம் மட்டுமே என்று நாகல் செய்தியாளர்களிடம் சொல்லியிருந்தார். பயிற்சியாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் நாடு நாடாகச் சென்று ஆட 80 லட்சம் முதல் ஒரு கோடி இந்திய ரூபாய் வரை போகிறது என்பது அவருடைய கணக்கு. இந்தியாவின் முதல்நிலை ஆட்டக்காரருக்கே நிலைமை அதுதான்.

சென்னையில் நடந்தது விம்பிள்டன் அல்ல. விம்பிள்டனுக்கு அடுத்த கட்டமும் அல்ல. உலக ஆண்கள் டென்னிஸில் இரண்டாம் நிலை என்று சொல்லப்படும் சலஞ்சர் வகைச் சுற்றுப்போட்டி அது. தொலைக்காட்சியில் அதிகம் காட்டமாட்டார்கள். நாளேட்டின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு மூலை கிடைத்தால் பெரிது. ஆனால் ஒரு பிராந்தியத்தின் ஆட்டக்காரர்கள் மேலே வருவதும் வராமல் போவதும் பெரும்பாலும் இந்த மட்டத்தில்தான் தீர்மானமாகிறது.

நூறு என்ற கோடு

ஆண்கள் டென்னிஸின் உச்சியில் நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகள். அதன் கீழே ஏ.டி.பி. சுற்றுலாவின் 1000, 500, 250 புள்ளிப் போட்டிகள். அதற்கும் கீழே, 1978இல் தொடங்கிய சலஞ்சர் சுற்று. இன்று அதற்குள்ளேயே 50, 75, 100, 125, 175 என்று ஐந்து தரங்கள். சம்பியனுக்குக் கிடைக்கும் புள்ளிகள்தான் அந்த எண்கள். கடைசியில், புதிதாகத் தொழில்முறைக்கு வருபவர்கள் மோதும் சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் சிறு போட்டிகள். முன்பு அவற்றை ஃபியூச்சர்ஸ் என்றார்கள்.

கிராண்ட்ஸ்லாம் ஒன்றின் ஒற்றையர் பிரிவில் ஆடுபவர்கள் 128 பேர். அவர்களில் 104 பேர் தரவரிசையைக் கொண்டு நேரடியாக உள்ளே போகிறார்கள். மீதமுள்ளவர்கள் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களை வெல்ல வேண்டும், அல்லது ஏற்பாட்டாளர் தரும் வைல்ட் கார்ட் கிடைக்க வேண்டும். நூறு என்ற எண்ணுக்கு வந்த மதிப்பு இதனால்தான். 2024இல் அவுஸ்திரேலிய ஓப்பனின் முதற்சுற்றில் தோற்றவருக்கே 120,000 அவுஸ்திரேலிய டொலர் கிடைத்தது. அதே ஆண்டு சென்னையில் வாரம் முழுதும் வென்று கோப்பையைத் தூக்கியவருக்குக் கிடைத்தது 20,000 அமெரிக்க டொலருக்கும் குறைவு. கோட்டுக்கு உள்ளே தோற்பவர், வெளியே வெல்பவரைவிடப் பல மடங்கு சம்பாதிக்கிறார். அந்தக் கோட்டைத் தாண்டுவதற்கான புள்ளிகளைத் தேடும் இடம்தான் சலஞ்சர்.

பெரிய போட்டியின் 21 ஆண்டுகள்

நுங்கம்பாக்கம் அரங்கு 1995இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவுக்காக எழுந்தது. 1996இல் புது டில்லியில் தொடங்கிய ஏ.டி.பி. போட்டி, அடுத்த ஆண்டே இங்கே இடம் மாறியது. முதலில் கோல்ட் ஃப்ளேக் சிகரெட்டின் பெயரில், பிறகு டாடாவின் பெயரில், பின்னாளில் ஏர்செல் பெயரில் என அனுசரணையாளர்கள் மாறினார்கள். ஊர்ச்சனத்துக்கு அது எப்போதும் சென்னை ஓப்பன்தான்.

வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் அந்த அரங்கின் பெருமை விளங்கும். 1998இல் பட்ரிக் ரஃப்டர் சம்பியன். 2004இல் பதினேழு வயது ரஃபேல் நடால், டொமி ரொப்ரெடோவுடன் சேர்ந்து இரட்டையர் கிண்ணத்தை வென்றார். அதே நடால் 2008 அரையிறுதியில் தன் நண்பர் கார்லோஸ் மோயாவுடன் நான்கு மணி நேரத்தை நெருங்கும் போராட்டம் ஆடி வென்றார். மறுநாள் கால்கள் ஒத்துழைக்கவில்லை. மிக்கையில் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று சுருண்டார். ஸ்டான் வாவ்ரிங்கா 2011, 2014, 2015, 2016 என நான்கு முறை வென்றார். 2017 இறுதியாட்டத்தில் தோற்ற இருபது வயது டானில் மெட்வெடேவ் பின்னாளில் உலகின் முதல்நிலைக்கு வந்தார்.

இரட்டையரில் இந்தியர்களுக்கு அது சொந்த வீடு. லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி சோடி ஐந்து முறை வென்றது. கடைசி ஆண்டான 2017இல் ரொகான் போபண்ணாவோடு சேர்ந்து சென்னைப் பிள்ளை ஜீவன் நெடுஞ்செழியனும் கிண்ணம் தூக்கினார். ஒற்றையரில் மட்டும் கதை வேறு. 21 ஆண்டுகளில் ஓர் இந்தியர்கூடச் சம்பியன் ஆகவில்லை. மிக அருகில் போனவர் சோம்தேவ் தேவ்வர்மன். 2009இல் தரவரிசையில் 200க்கு வெளியே இருந்த அவர், வைல்ட் கார்ட் வாங்கி உள்ளே வந்து, மோயாவையும் இவோ கார்லோவிச்சையும் சாய்த்து இறுதிவரை போனார். அங்கே மரின் சிலிச்சிடம் தோற்றார். அந்த ஒரு வாரத்தை வைத்தே சென்னை ரசிகர்கள் பல ஆண்டுகள் பேசினார்கள்.

2017 நடுப்பகுதியில், அடுத்த ஆண்டிலிருந்து போட்டி புனேவுக்குப் போகிறது என்ற அறிவிப்பு வந்தது. நடத்தும் உரிமை வைத்திருந்த நிறுவனத்தின் முடிவு அது. புனேயிலும் அது நிலைக்கவில்லை. 2023உடன் அங்கேயும் முடிந்து, இந்தியாவில் ஏ.டி.பி. சுற்றுலாப் போட்டி எதுவும் இல்லை என்றானது. உரிமம் ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தால், ஊர் எவ்வளவு கை தட்டினாலும் போட்டி ஊருக்குச் சொந்தமாகாது.

சிறியது செய்த வேலை

சென்னைக்குச் சலஞ்சர் புதிதல்ல. பெரிய போட்டி நடந்த காலத்திலேயே, 2014 பெப்ரவரியில், டென்னிஸ் நிர்வாகி பி.எல். ரெட்டியின் ஞாபகார்த்தமாக ஒரு சலஞ்சர் நடந்தது. அதில் வென்றவர் யுக்கி பாம்ப்ரி. 2018இல் பெரியது புனேவுக்குப் போன கையோடு சென்னை மீண்டும் சலஞ்சருக்குத் திரும்பியது. அந்த ஆண்டு இறுதியில் யுக்கி அவுஸ்திரேலியாவின் ஜோர்டன் தொம்சனிடம் தோற்றார். இரண்டு மாதத்தில் தாய்பேயில் இன்னொரு சலஞ்சரை வென்று முதல் நூறுக்குள் திரும்பினார்.

2019இல் பத்தொன்பது வயதுப் பிரெஞ்சு இளைஞர் கொறொன்ரான் மூத்தே சம்பியன். ஆனால் சென்னைக்கு அந்த வாரத்தின் நாயகன் அரையிறுதியில் தோற்ற பிரஜ்னேஷ் குணேஸ்வரன். இடக்கை ஆட்டக்காரரான அவர் சென்னைக்காரர். முழங்கால் காயத்தால் இளமையின் நல்ல ஆண்டுகளைக் களத்துக்கு வெளியே கழித்தவர். அந்த அரையிறுதி தந்த புள்ளிகளோடு 29 வயதில் அவர் 97ஆம் இடத்துக்கு வந்தார்.

அதன் பலன் அடுத்த மாதங்களில் தெரிந்தது. ஜனவரியில் அவுஸ்திரேலிய ஓப்பனுக்குத் தகுதிச் சுற்று ஆடி நுழைந்தவர், பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் மூன்றுக்கும் தரவரிசையால் நேரடியாகப் போனார். விம்பிள்டன் முதற்சுற்றில் அவருக்கு எதிரே நின்றவர் மிலோஸ் ரயோனிச்; 2012இல் சென்னை ஓப்பன் சம்பியன். நியூயோர்க்கில் எதிரே நின்றவர் மெட்வெடேவ். 2017இல் சென்னையில் இரண்டாமிடம். இரண்டிலும் பிரஜ்னேஷ் தோற்றார். பெரிய சென்னைப் போட்டி வெளிநாட்டவருக்குத் திறந்துவிட்ட அதே உலகத்துக்குள், சின்னச் சென்னைப் போட்டி ஒரு சென்னைக்காரரைக் கொண்டுபோய் நிறுத்தியது.

2023இல் மீண்டும் நடந்த சலஞ்சரை அவுஸ்திரேலியாவின் மக்ஸ் பர்செல் வென்றார். அடுத்த வாரம் பெங்களூரு, அதற்கடுத்த வாரம் புனே என மூன்றையும் அள்ளிக்கொண்டு போனார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் உலகின் முதல் நாற்பது பேரில் ஒருவர். சலஞ்சர்களை அடுத்தடுத்த வாரங்களில் பக்கத்துப் பக்கத்து நகரங்களில் வைப்பதன் பயன் இதுதான். ஒரே விமானச் செலவில் மூன்று வாய்ப்பு. ஐரோப்பாவில் வீட்டிலிருந்து ரயிலேறி ஆடப்போகும் பிள்ளைக்கு இது சாதாரணம்; ஆசியப் பிள்ளைக்கு இது அபூர்வம். 2024இல் நாகல், 2025இல் பிரான்ஸின் கிரியான் ஜக்கே எனச் சென்னையின் பட்டியல் நீள்கிறது.

சலஞ்சரின் முதன்மைச் சுற்றில் 32 பேர். அதில் மூன்று இடங்களை நடத்துபவர் தாம் விரும்பிய ஆட்டக்காரருக்குத் தரலாம். தகுதிச் சுற்றிலும் சில இடங்கள் உண்டு. தரவரிசை போதாத உள்ளூர்ப் பிள்ளை, உலகின் 150ஆம் நிலை ஆட்டக்காரரோடு மோதிப் பார்க்கக் கிடைக்கும் வழி இது. பெரிய போட்டியிலும் வைல்ட் கார்ட் உண்டுதான். ஆனால் அங்கே முதல் ஆட்டத்திலேயே முப்பதாம் நிலைக்காரர் வந்து நிற்பார். சோம்தேவ் போல ஒருவர் அதைத் தாண்டலாம். மற்றவர்களுக்கு எட்டும் உயரத்தில் ஒரு போட்டி வேண்டும்.

எட்டும் உயரம் என்பதற்காக எளிதென்று பொருளில்லை. சென்னையின் ராம்குமார் ராமநாதன் ஆறு சலஞ்சர் இறுதியாட்டங்களில் தோற்று, ஏழாவதாக 2021 நவம்பரில் பஹ்ரைனின் மனாமாவில்தான் முதற் கிண்ணத்தைக் கண்டார். 111ஆம் இடம்வரை போன அவருக்கு நூறு கடைசிவரை வசப்படவில்லை. ஏறியவர்களுக்கும் இடம் நிரந்தரமல்ல. புள்ளிகளின் ஆயுள் 52 வாரம். 2024 நடுப்பகுதியில் 68ஆம் இடம்வரை உயர்ந்த நாகல், 2025இல் மீண்டும் நூறுக்கு வெளியே வந்தார். அதனால்தான் போட்டி ஆண்டுதோறும் நடக்க வேண்டும். ஒரு முறை நடத்திப் படம் எடுத்துக்கொள்ளும் விழாவால் இந்தக் கணக்குச் சரிவராது.

வன்னியிலிருந்து பார்த்தால்

முல்லைத்தீவிலிருந்து நேர் வடக்கே கடலுக்கு மேலால் அளந்தால் சென்னை ஏறக்குறைய 420 கிலோமீற்றர். ஆனால் அந்த நகரத்தின் டென்னிஸும் எங்கள் நாட்களும் வேறு வேறு உலகங்களில் ஓடின. 1997 ஏப்ரலில் நுங்கம்பாக்கத்தில் முதல் போட்டி முடிந்தது; மே 13ஆம் திகதி வன்னியில் இலங்கைப் படையினரின் ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கியது. மின்சாரம் இல்லாத வன்னியில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலத்தில், டென்னிஸ் தொலைக்காட்சியில்கூட எட்டாத ஆட்டம். இன்று பலாலியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்னை. பெப்ரவரியில் அங்கே நிற்கும் எவரும் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில்தான் இந்த ஆட்டம் நடக்கிறது.

பார்ப்பது ஒருபுறம் இருக்கட்டும். நாங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் டென்னிஸுக்கு மட்டும் உரியதல்ல. அந்தப் பாடம் எங்களுக்குப் பாதி தெரிந்ததுதான். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஊர் விளையாட்டுக் கழகங்கள் இறந்துபோன ஒருவரின் பெயரில் ஞாபகார்த்தக் கிண்ணம் வைத்து உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் நடத்துகின்றன. பக்கத்து ஊர் அணிகள் வருகின்றன. பதினாறு வயதுப் பெடியன் முதன்முதலாகப் பெரிய ஆட்களோடு மோதுவது அங்கேதான். யாரும் அதைச் சலஞ்சர் என்று சொல்வதில்லை. செய்கிற வேலை ஏறக்குறைய அதுவே.

எங்களுக்கு இல்லாதது அதற்கு மேலுள்ள தொடர்ச்சி. கிராமக் கிண்ணத்தில் வென்றால் மாவட்டம், மாவட்டத்துக்குப் பிறகு மாகாணம், அதன் பின்? தேசியமட்டப் போட்டி பெரும்பாலும் கொழும்பில். 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போய், விடிய இறங்கி, அன்றே ஆடித் தோற்று, இரவு பஸ்ஸில் திரும்பும் பிள்ளையின் திறமையை எந்தத் தரவரிசையும் சரியாக அளக்காது. நாகலுக்குச் சென்னையில் கிடைத்த 100 புள்ளிகளை அவர் தென் அமெரிக்காவுக்குப் போயும் தேடியிருக்கலாம். பக்கத்தில் கிடைத்தால் கையிலிருக்கும் பணம் இன்னும் சில வாரம் தாக்குப்பிடிக்கும்.

பெரிய போட்டி வேண்டாம் என்பதல்ல வாதம். சென்னை ஓப்பன் ஒரு தலைமுறைக்கு டென்னிஸ் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. நடுவர்களையும் பந்து பொறுக்கும் சிறுவர்களையும் உருவாக்கியது. பெண்கள் பிரிவில் 2022லும் 2025லும் நுங்கம்பாக்கம் மீண்டும் உயர்மட்டப் போட்டியை நடத்த முடிந்ததற்கும் அந்தப் பழக்கமே அடிப்படை. ஆனால் ஒரு சுற்றுப்போட்டியின் பெறுமதியை, அதற்கு யார் வந்தார்கள் என்பதைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. அதில் ஆடிய உள்ளூர்க்காரர் ஓராண்டின் பின் எங்கே நிற்கிறார் என்றும் பார்க்க வேண்டும். அந்த அளவுகோலில் சென்னையின் சின்னப் போட்டி, பெரியதற்குக் குறைந்ததல்ல.

வடக்கில் புதிய மைதானங்களைப் பற்றிய அறிவிப்புகள் தேர்தலுக்குத் தேர்தல் வருகின்றன. பார்வையாளர் அரங்கின் அளவையும் செலவான கோடிகளையும் மேடையில் சொல்வார்கள். அப்போது விளையாட்டுக் கழகங்கள் கேட்க வேண்டியவை இரண்டு: இந்த மைதானத்தில் ஆண்டுதோறும் தவறாமல் நடக்கப்போகும் சுற்றுப்போட்டி எது? அதில் எங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை இடம்?