உட்சுவர் மூலைகளில் வண்ணம் பூசுதல்

உட்சுவர் மூலைகளில் வண்ணம் பூசுதல் என்பது, ரோலர் எட்டாத இடங்களில் தூரிகை கொண்டு செய்யப்படும் வேலை ஆகும். இரு சுவர்கள் கூடும் மூலை, சுவரும் கூரையும் சேரும் விளிம்பு, பரணின் அடிப்பக்கம், குழாய்களின் பின்புறம், சன்னல் ஓரம் ஆகியவை இதில் அடங்கும். பரப்பளவில் இவை சிறியவை என்றாலும், வண்ணம் முதலில் உரிவது பெரும்பாலும் இங்குதான்.

ரோலர் உருண்டையாக இருப்பதால் மூலையின் உட்கோணத்தைத் தொடுவதில்லை. எனவே இரண்டு, மூன்று அங்குல அகலத்திற்கு ஓரங்கள் தூரிகையால் பூசப்படுகின்றன. இதற்கு 2 அல்லது 2.5 அங்குல அகலமும் சாய்வாக வெட்டப்பட்ட மயிரும் உள்ள தூரிகை ஏற்றது. தூரிகையின் மயிரில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வண்ணத்தில் நனைத்து, மூலையிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கி, பிறகு மெல்ல மூலையை நோக்கி நகர்த்த வேண்டும்.

ஓரத்தில் பூசியது காயும் முன்பே ரோலரை அதன் மேல் ஓட்டிவிட வேண்டும். காய்ந்தபின் ஓட்டினால் சுவரைச் சுற்றிச் சட்டம் போட்டது போல ஒரு பட்டை தெரியும். நான்கு சுவர்களின் ஓரங்களையும் முதலில் முடித்துவிட்டு ரோலரை எடுப்பது பலரும் செய்யும் தவறு. கோடைக்காலத்தில் எமல்ஷன் அரைமணி நேரத்திற்குள் மேலே காய்ந்துவிடும். ஆகவே ஒருவர் ஓரம் பூச, மற்றொருவர் ரோலருடன் பின்தொடர்வது நல்லது. மின்விசிறியை நிறுத்தி வைப்பதும் உதவும்.

குழாய்களின் பின்புறத்திற்கு நீண்ட கைப்பிடியுள்ள 4 அங்குல ரோலர் போதும்.

விரிசல்களுக்கு வெறும் பட்டி பூசுவதால் பயனில்லை. கான்கிரீட் உத்தரமும் செங்கல் சுவரும் வெப்பத்தால் வெவ்வேறு அளவில் விரிவதால், அவை சேருமிடத்தில் விரிசல் மீண்டும் திறக்கும். மெல்லிய விரிசலை நெகிழும் தன்மையுள்ள அக்ரிலிக் சீலண்ட் கொண்டு அடைக்கலாம். சாதாரண சிலிக்கோன் மீது வண்ணம் ஒட்டாது. ஓதம் ஏறி உப்புப் பூத்த மூலையில், நீர்க்கசிவைச் சரிசெய்து சுவரை உலரவிட்ட பின்னரே பிரைமர் பூச வேண்டும்.

பழைய வீடுகளில் கவனிக்க வேண்டியது ஈயம். இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். உப்புத்தாளால் உலரத் தேய்த்தால் அது தூசியாகப் பறந்து இடுக்குகளில் தங்கிவிடும். ஈயத்தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே சுவரை நீர் தெளித்து ஈரமாகத் தேய்த்து, இடுக்குகளை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். துடைப்பத்தால் கூட்டக்கூடாது. வேலை முடியும்வரை குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்த அறைக்குள் வராமல் இருக்க வேண்டும். வேலையின்போது அணிந்த உடைகளை வீட்டின் மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது.